கெட்ட செய்தி நேரத்தோடு வரட்டும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒஸ்லோவில் உள்ள வாடிக்கையாளர் ஒருவருக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. அதை நான் வழிநடத்துகிறேன். தலைமைத்துவம் பழக என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான்: மேடைப் பேச்சைப் பிறகு பார்க்கலாம், கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்லப் பழகுங்கோ.

எங்கள் பிள்ளைகள் கோட் எழுதுவதில் ஒருவருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் உயர்தரம் முடியும்வரை ரியூட்டறி வாங்கில் நெருக்கியடித்து இருந்து, சேர் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தே வளர்ந்தவர்கள். "இது சரிவராது சேர்" என்று எழும்பிச் சொல்ல அங்கே இடமிருக்கவில்லை. அந்தப் பழக்கம் வேலைக்கும் கூடவே வருகிறது. "வியாழக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டால் "ஓம் அக்கா" என்பார்கள். மரியாதையில் வருகிற பதில் அது. புதன்கிழமை இரவுதான் உண்மை நிலைமை தெரியவரும்.

அதனால் அந்தக் கேள்வியையே நான் விட்டுவிட்டேன். "வியாழக்கிழமை இது முடியாமல் போனால் எதனால் போகும்?" என்று கேட்கிறேன். அப்புறம் பாருங்கள், வாயே திறக்காத பிள்ளைகூட இரண்டு மூன்று காரணம் சொல்லும். குழுவில் ஆக இளையவரிடம் தொடங்கி, என் கருத்தைக் கடைசியில்தான் சொல்வேன். நான் முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கதை முடிந்துவிடும்.

சொல்கிற விதத்துக்கும் பயிற்சி வேண்டும். எங்கள் தங்கச்சி ஒருத்தி வாடிக்கையாளருக்கு எழுதிய செய்தி லொக் (மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவு) பார்த்ததில் தொடங்கி, லைப்ரரியை மாற்றியது, சேர்வரை மறுபடி தொடக்கியது என்று நீண்டு, கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வந்தது. இருவருமாக இருந்து அதைத் தலைகீழாக்கினோம்: "வெளியீட்டைத் திங்கட்கிழமைக்குத் தள்ளும்படி கேட்கிறோம். வங்கியின் பதில் தாமதமானால் எங்கள் நிரல் மறுபடி முயல்கிறது. அப்போது ஒரே கட்டணம் இரண்டு தடவை அறவிடப்படலாம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் சேர்த்துத் திருத்துகிறோம். உங்கள் முடிவு இன்று தேவை." லொக் விவரமெல்லாம் கீழே இணைப்பாகப் போனது. அன்று பின்னேரமே சம்மதம் வந்தது.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வர ஒரு காரணம் அமெரிக்காவின் சலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, அதன் பூஸ்டர் ரொக்கெட்டுகளைச் செய்த மோர்ட்டன் தயாகோல் நிறுவனத்தின் பொறியியலாளர்கள், ரோஜர் பொய்ஜோலி உட்பட, மறுநாள் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். கடும் குளிரில் ரப்பர் ஓ-வளையங்கள் ரொக்கெட் பகுதிகள் சேரும் மூட்டுகளைச் சரியாக அடைக்காது என்பது அவர்கள் பயம். மேலாளர்கள் அந்தப் பரிந்துரையை மாற்றினார்கள். ஏவி 73 செக்கனில் கலம் சிதைந்து ஏழு பேரும் இறந்தார்கள். பின்னர் விசாரணை ஆணைக்குழு ஒரு விஷயத்தைக் காட்டியது: வளையம் சேதமான பறப்புகளை மட்டும் பார்த்தால் வெப்பநிலையோடு தொடர்பு தெரியவில்லை, சேதமே இல்லாத பறப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் குளிரின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. தரவை எப்படி எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய பொறுப்பு, அந்த எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுடையது என்றே நினைக்கிறேன். பயந்து சொல்ல வந்தவனிடம் "நிரூபி" என்று நெருக்குகிற இடத்தில் அடுத்த முறை யார் வாய் திறப்பார்?

அதனால் ஒருவர் சிக்கலைக் கொண்டுவந்தால் முதலில் "இப்பவே சொன்னது நல்லது" என்பேன். பிறகுதான் "எப்படி நடந்தது?" என்று கேட்பேன். "யார் செய்தது?" என்று நான் கேட்பதில்லை.

ஆங்கிலம் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. முதலில் தமிழில் எனக்கு விளக்கச் சொல்வேன். தமிழில் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் சின்ன வசனங்களே போதும். குளிர்காலத்தில் ஒஸ்லோவின் காலை ஒன்பது மணி எங்களுக்குப் பின்னேரம் ஒன்றரை. காலை முழுவதும் கதைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. அடுத்த வாரக் கூட்டத்தை அந்தத் தங்கச்சியே நடத்தப் போகிறாள். கேள்விகளை அவளே எழுதி வைத்திருக்கிறாள்.