தீப்பொறியைத் தாங்கும் துணி

கொதிகலன் பராமரிப்பின்போது மேல்தளத்தில் வெல்டிங் நடந்தால், கீழே செல்லும் மின்கம்பிகளின் மீது சிலிகான் பூசிய கண்ணாடி இழைத் துணியை விரித்த பிறகே வேலையைத் தொடங்குவோம். முன்பு இந்த இடத்தில் இருந்தது நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்த் துணி என்பதால், இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழை ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்றாலும், அதன் மேலுள்ள சிலிகான் பூச்சு தொடர்ச்சியான வெப்பத்தில் சுமார் 260 டிகிரி வரைதான் நிலைக்கும். அதைவிடச் சூடான ஒரு நீராவிக் குழாயில் நிரந்தரமாகச் சுற்றப்பட்டிருந்த துணியை ஒருமுறை பிரித்தபோது, பூச்சு விரிசல் விட்டு, விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நூல் பிரிந்த ஓரத்தில் இழைகள் கையில் குத்தின. எண்ணெய் ஊறாமலும் நூல் பிரியாமலும் காப்பது அந்தப் பூச்சுதான். அத்தகைய சூடான இடங்களுக்கு, வெப்பம் தாங்கும் கனிமமான வெர்மிகுலைட் பூசிய துணியே பொருத்தமானது.

மேலும், மெல்லிய துணி மட்டும் வெப்பத்தைத் தடுத்துவிடாது. உள்ளே போதிய கனத்தில் கனிமக் கம்பளி (பாறை போன்றவற்றை உருக்கிச் செய்த பஞ்சு போன்ற இழை) வைத்துத் தைத்தால்தான் அது உண்மையான காப்புறை ஆகும்.