எதிர்வீட்டு அக்கா இல்லாத ஊரில் ஒரு கொலை

"உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது நீங்கள்தானா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எழுபதைத் தாண்டியவர். கண்ணெல்லாம் கனிவு. வாயில் போட்ட உருளைக்கிழங்கு சாலட் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது எனக்கு.

என்னத்தைச் சொல்ல? பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-இல். நான் இப்போது குடியிருக்கும் மேற்கு மிச்சிகனில் டச்சுக்காரர்கள் வந்திறங்கி ஹாலந்து என்று ஊர் அமைத்ததே 1847-இல்தான். கணக்குப் பார்த்தால், இவருடைய பூட்டன் கப்பல் ஏறுவதற்கு முன்பே எங்கள் ஊரில் ஜெபக்கூட்டம் நடந்திருக்கும். 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் என் தாத்தா. அம்மா படித்தது லேடி டோக் மகளிர் கல்லூரியில். கத்தோலிக்கரைக் கேட்டாலோ, 1606-இலேயே இத்தாலியப் பாதிரியார் தெ நோபிலி மதுரைக்கு வந்து, காவி கட்டி, தத்துவ போதகர் ஆன கதையைச் சொல்லி எங்களையே நேற்று வந்தவர்கள் என்பார்கள். காகிதத் தட்டைப் பிடித்துக்கொண்டு இத்தனையும் சொல்ல முடியுமா? "இல்லைங்க, என் பாட்டிக்குப் பாட்டி" என்றேன். "எவ்வளவு அருமை!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டாரா, கேட்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பை நிறையப் புத்தகம் கொண்டுவந்து தந்தார். புதிதாக வந்தவர்களுக்கு வாசிக்கச் சுலபமாக இருக்குமாம். எதற்குப் புதிதாக வந்தவர் என்று அவர் விளக்கவில்லை, நானும் விடு என்று விட்டுவிட்டேன். தியானப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் பையைக் கவிழ்த்தால், அட்டைக்கு அட்டை பனிக்காடு, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடும் ஒரு பெண், பின்னால் தொப்பி போட்ட ஷெரிஃப், பக்கத்தில் ஒரு போலீஸ் நாய். எல்லாம் கிறிஸ்தவக் காதல் மர்ம நாவல்கள்.

இப்படி ஒரு வகை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இங்கே இது பெரிய வியாபாரம். காதல் கதைக்குப் பேர்போன ஹார்லெக்வின் நிறுவனம் 1997-இல் கிறிஸ்தவக் காதலுக்கென்றே தனி வரிசை தொடங்கி, பிற்பாடு அதிலேயே மர்மக் கதைக்கும் ஒரு கிளை வைத்தது. மாதாமாதம் புதுசு வரும். நான் இருக்கும் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரமோ கிறிஸ்தவப் பதிப்பகங்களின் தாய்வீடு. எர்ட்மன்ஸ் 1911, சோண்டர்வன் 1931, பேக்கர் 1939 என்று மூன்று தலைமுறையாக வேத விளக்கமும் பிரசங்கமும் அச்சடித்த ஊர். அதில் பேக்கர் குடும்பத்தின் ரெவல் முத்திரையில் கொலையும் காதலும் கலந்து அடுக்கடுக்காக வருகின்றன. ரெவல் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சுவிசேஷப் புத்தகம் போட்டுவந்த பழைய பெயர்.

இந்தக் கதைகளுக்குச் சட்டம் சில உண்டு. கெட்ட வார்த்தை கிடையாது. நல்லவர்கள் யாரும் குடிப்பதில்லை. படுக்கையறைக் கதவுக்கு இந்தப் பக்கமே எல்லாம் நின்றுவிடும். முத்தம் ஒன்றோ இரண்டோ, அதுவும் கடைசிப் பக்கங்களுக்குப் பக்கத்தில். ஆனால் கொலை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே நடக்கலாம். கதாநாயகனுக்குக் கடவுள் மேல் ஒரு கோபம் இருக்கும். துப்பாக்கிச் சண்டைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் நடுவில் எங்கேயோ அது தீர்ந்துவிடும்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நவம்பரில் ஏரிக்காற்று பனியைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தால் மார்ச் முடிய வெளியே தலைகாட்ட முடியாது. டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்பளியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே மூச்சில் பாதிக் கொலையாளியைப் பிடித்துவிடலாம். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று ஊருக்குப் பேசும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தால், நினைப்பு நேராக மதுரை நரிமேட்டு வீட்டின் பின்கட்டுக்குப் போய் நிற்கும்.

எங்கள் வீட்டில் நாவல் என்றாலே உலகப் புத்தகம், அதாவது பக்திக்கு ஆகாதது. "கத படிக்கிற நேரத்துக்கு ரெண்டு சங்கீதத்தப் படி" என்பது பாட்டியின் கட்டளை. அம்மாவுக்கோ மாலைமதி நாவல் இல்லாமல் மாதம் ஓடாது. பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை உருவி வாங்கி, காய்கறிப் பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவருவார். அதற்கென்று ஓர் இடம் இருந்தது. புழுங்கலரிசி டின்னுக்குப் பின்னால், பழைய சாக்கு மடிப்புக்குள். அந்தப் பக்கங்களை எப்போது புரட்டினாலும் தவிட்டு வாசமும் ஈரக் கீரை வாசமும் சேர்ந்து வரும். கொலைக்கு இன்றுவரை என் மூக்கில் அந்த வாசம்தான்.

இப்போது கதை தலைகீழ். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே விடிந்து, அம்மா இட்லி ஊற்றும் நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்துக்கொண்டு, "நேத்து எதுல விட்ட?" என்பார். நான் தமிழில் கதை சொல்லவேண்டும். சாமிப் புத்தகம் என்று சொல்லிவிட்டதால் பாட்டியும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒருநாள் வீடியோவில் அட்டையைக் காட்டினேன். ஆமிஷ் கதை, பழைய முறைப்படியே வாழும் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தாரின் கதை. வெள்ளைக் குல்லா வைத்துக் கழுத்துவரை மூடிய உடுப்பில் கதாநாயகி. பாட்டிக்குப் பரம திருப்தி. "பரவாயில்லையே, முக்காடு போட்டுருக்காளே. நம்ம கோயில்ல இப்ப எவ போடுறா?"

ஆனால் அம்மாவிடம் கதை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இந்த நாவல்களின் மேல் எனக்கு ஒரு பெரிய குறை முளைத்தது. அம்மாவின் கேள்விகள் அப்படி. "அவளுக்கு அப்பா அம்மா எங்க?" கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். "போன கதையிலயும் கார்தான?" ஆமாம். "அவனுக்கு?" அவனுக்கும்தான். "அப்ப சித்தி, பெரியம்மா, அத்தை?" இல்லை. "அக்கம்பக்கம்?"

அங்கேதான் மாட்டிக்கொள்வேன். அக்கம்பக்கமே கிடையாது. காட்டுக்குள் மரவீடு. அவளும் அவனும் நாயும். மூன்று நாள் பனிப்புயல். வில்லன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான், போன் எடுக்கவில்லை. கதை முழுக்க இந்த ஆளில்லாத் தன்மையின் மேலேதான் நிற்கிறது.

இதைக் கொஞ்சம் நரிமேட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பெண் பயந்துபோய் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள். காலையில் வாசல் தெளிக்கவில்லை. ஏழு மணிக்கு எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று சுக்குக் கஷாயத்தோடு வந்துவிடுவார். எட்டு மணிக்குப் பால்காரர், தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு நாலு பேர். சாயங்காலம் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து, போதகரின் மனைவியான ஐயரம்மா தலைமையில் ஜெபிக்க ஒரு கூட்டம். கூடவே ஓர் ஆண் இருக்கிறான் என்று தெரிந்தால் போச்சு. அவன் எந்தச் சபை, எந்த ஊர், யார் மகன் என்பது ராத்திரிக்குள் கோரிப்பாளையம் தாண்டிவிடும். வில்லன் தெருமுனையில் மறைந்து நின்றானானால், "தம்பி, யாரைத் தேடுறீங்க?" என்று ஆறு பேர் கேட்டிருப்பார்கள். ஏழாவது ஆள் சிலிண்டரை மாடிக்குத் தூக்கச் சொல்லியிருப்பார்.

ஜெபமும் அப்படித்தான். இந்தக் கதாநாயகிகள் ஓடிக்கொண்டே ஒரு வரியில் ஜெபித்து முடிக்கிறார்கள். எங்கள் பெரியம்மா ஜெபிக்கத் தொடங்கினால் அந்தமான் வரைக்கும் உள்ள உறவுகளைப் பெயர் சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம். அதற்குள் போலீஸ் வந்துவிடும்.

கல்யாணம் இன்னும் மோசம். கடைசி அத்தியாயத்தில் அவன் ஏரிக்கரையில் மண்டியிடுகிறான், அவள் சரி என்கிறாள், முடிந்தது. எங்கள் ஊரில் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டும். தடை சொல்ல யாருக்காவது நியாயம் உண்டா என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிறுத்துகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதில் இருக்கிற திகில் இந்தப் பை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. என் ஓலை வாசித்தபோது கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். அம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

கிண்டல் செய்கிறேனே தவிர, போன ஜனவரியில் எனக்கே புரிந்துவிட்டது, இவர்கள் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை என்று. வேலை விஷயமாக வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். எனக்கு நல்ல காய்ச்சல். வாசல் வரை முழங்காலளவு பனி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஒரு மனுஷர் இல்லை. கார் வரும், கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடிக்கொள்ளும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முகமும் தெரியாது. நான் எழுந்தேனா, சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை. கஞ்சி வைக்க எழுந்தவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் பனி சுத்தமாக வழித்துத் தள்ளப்பட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர், அவராகவே மெஷினைக் கொண்டுவந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். கதவைத் தட்டவில்லை. நான் ஜன்னலில் நின்றதைப் பார்த்து தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. தட்டினால் தொந்தரவு என்று நினைக்கிற மரியாதை அது. அம்மாவிடம் சொன்னதும், "செஞ்சவரு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்ல? என்ன ஊரோ!" என்று அழுதேவிட்டார். எனக்கோ, டிசம்பரில் நடுராத்திரி ரெண்டு மணிக்கு டிரம் செட்டும் பெட்ரோமாக்ஸுமாக வந்து கதவை இடிக்கும் கேரல் ரவுண்ட்ஸ் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். அரைத்தூக்கத்தில் எழுந்து அவர்களுக்குக் காணிக்கையும் கேக்கும் கொடுக்க எரிச்சல்பட்டிருக்கிறேன். இந்த நாவல்களில் அந்த நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டால், கதாநாயகி மேஜை இழுப்பறையைத் திறப்பாள். பைபிளும் கைத்துப்பாக்கியும் அதில் ஒன்றாகவே இருக்கும்.

காய்ச்சல் விட்டதும் எதிர்வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி வாசலிலேயே வாங்கி நன்றி சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கழுவித் துடைத்த காலி டப்பா எங்கள் படியில் இருந்தது, மேலே ஒரு நன்றி அட்டையோடு. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுக்கத் தெரியாதா என்று அதற்கும் வருத்தப்படுவார்.

நேற்றோடு துணிப்பையில் இருந்த ஒரு புத்தகம் முடிந்தது. கொலையாளி யார் என்று சொல்லாமல் கொஞ்சம் இழுக்கலாம் என்று பார்த்தேன். அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவே அம்மா விடவில்லை. "அந்த டெபுடி ஷெரிஃப்தான?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம் வரை எனக்கே அவன்மேல் சந்தேகம் வரவில்லை.

"நீதான சொன்ன, மொத நாளு அந்தப் பிள்ள ஆப்பிள் பை சுட்டு நீட்டுனா, வேணாம்னுட்டுப் போயிட்டான்னு? வீடு தேடி வந்தவன் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்னா சும்மாவா? அன்னைக்கே ஒங்க பாட்டி சொல்லிட்டாக, இவன் ஆளு சரியில்லன்னு. சரி, அடுத்தத எப்ப ஆரம்பிக்கிற?"