பனியன் கம்பெனியும் இருபது கிலோ அரிசியும்

மாதம் பிறந்தால் 15ஆம் தேதிக்குள் பி.எஃப். சலான் போட்டாக வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற டைம் ஆபீஸும் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. தேதி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காது. 2023 கடைசியில் அப்படியொரு நாள் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓனர் போனில் யாரிடமோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "அரிசி சும்மா, பஸ்ஸு சும்மா, இப்ப மாசம் ஆயிரம் ரூவாயும் சும்மா. அப்புறம் யாருங்க கம்பெனிக்கு வருவா?"

என் முன்னால் திரையில் இருந்த கணக்கு வேறு கதை சொன்னது. கொரோனா சமயத்தில் மத்திய அரசு ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனா என்று ஒன்று கொண்டுவந்தது. 15,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குகிற புது ஆளைச் சேர்த்தால், இரண்டு வருடத்துக்கு அவருடைய பி.எஃப். பணத்தை அரசே கட்டும். ஆயிரம் பேர் வரை உள்ள கம்பெனி என்றால் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், இரண்டுமே அரசின் தலையில். அதற்கு முன்பு 2016இல் வந்த திட்டத்திலும் முதலாளி பங்கை மூன்று வருடம் அரசு ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு இதில் மிச்சமானதை நான்தான் கூட்டிப் போட்டேன், லேசுப்பட்ட தொகை இல்லை. அதை வாங்கியதால் ஓனர் சோம்பேறியாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். காலை எட்டு மணிக்கே கட்டிங் டேபிள் பக்கம் வந்து நிற்கிற மனிதர் அவர்.

ஆள் கிடைக்கவில்லை என்று அவர் புலம்புவது பொய்யும் இல்லை. நூல் விலை ஏறினாலும், சரக்கு வாங்குகிற பையர் பீஸுக்குக் காலணா கூட்டித் தர மாட்டான். கப்பல் தேதி தவறினால் சரக்கை நம் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டும், லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் கை வைக்கக்கூடிய ஒரே இடம் கூலியும் நேரமும்தான். வைக்கிறார்.

ஆனால் எந்த மாதிரி ஆள் கிடைக்கவில்லை என்று ஹாஜர் ஏட்டைப் பார்க்கிற எனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போகும் ஆட்கள் கிடைக்கிறார்கள். இரவு ஒன்பது வரை ஒன்றரை ஷிப்ட் நிற்கத்தான் உள்ளூர்ப் பெண்கள் முன்போல் சம்மதிப்பதில்லை. சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. எங்களிடம் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான்.

ஒரு சனிக்கிழமை, சம்பளக் கவர்களோடு செக்கிங் பக்கம் போயிருந்தேன். சூப்பர்வைசர் பையன் ஓர் அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னைக்கு ஒருநாளு ஒன்றரை நின்னுட்டுப் போங்க. காலைல கண்டெய்னர் ஏறுது."

"இல்லீங் தம்பி, முடியாது. மாமியாளுக்குச் சக்கரை. நான் போயித்தான் சோறு பொங்கோணும்."

"சேத்திக் குடுக்கச் சொல்றனுங்க்கா."

அந்த அக்கா பிசிறு நூலை வெட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "முன்னெல்லாம் நிக்காட்டி அடுத்த வாரம் மளிகைக் கடைக்காரன் மூஞ்சியப் பாக்கோணும். அதுக்குப் பயந்து நின்னேன். இப்ப அந்த ஆயிரம் இருக்குதுங். அஞ்சரைக்கு நான் கெளம்பீருவேன்."

திங்கட்கிழமை எட்டரைக்கு அவர் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆயிரம் ரூபாய் வாங்கி வீட்டில் உட்கார்ந்துகொண்டவர் என்று ஓனர் போனில் சொன்ன கணக்கில் இவரும் ஒருவர்தான்.

பஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. மாதம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்குச் சொன்னது. எங்கள் ஊரில் மிச்சத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அதுவரை அவிநாசி, ஊத்துக்குளி, பல்லடம் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு, எந்தக் கம்பெனி வேன் ஊருக்குள் வருகிறதோ அதுதான் கம்பெனி. வேன் கிளம்பினால்தான் வீடு. இப்போது பஸ் ஏறினால் போதும், ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடத் தருகிற இடத்துக்குப் போய்விடலாம். போனார்கள். எங்களிடமிருந்து ஒரு லைனே காலியானதும், டைலர்களுக்கு உதவியாக நிற்கிற கைமடி ஆட்களின் கூலியைக் கூட்டினோம். கூலியை உயர்த்த எத்தனையோ பேச்சுவார்த்தை பார்த்திருக்கிறேன், டவுன் பஸ் உயர்த்தி அப்போதுதான் பார்த்தேன்.

நூறு நாள் வேலையைத் திட்டாத முதலாளி எங்கள் ஊரில் இல்லை. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். செய்த வேலையை அளந்துதான் கூலி தருவார்கள் என்பதால் அதுவும் முழுதாகக் கையில் வராது, வருவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். எங்கள் கைமடிக்கு அப்போது அதைவிட ஐம்பது ரூபாய் போல அதிகம். அந்த ஐம்பதுக்காக ஆறரைக்கு வேன் ஏறி, இருட்டிய பிறகு இறங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ஒருத்தி குளம் வெட்டப் போனால் அதில் என்ன சோம்பேறித்தனம் இருக்கிறது?

இதையெல்லாம் பேக்கரியில் டீ குடிக்கும்போது ஒரு தொழிற்சங்கத் தோழரிடம் சொன்னேன். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரே 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இளவட்டமாக இருந்தவர். பாராட்டுவார் என்று நினைத்தால், மறுத்தார். "நீங்க பாதியத்தான் பாக்கறீங்க. வீட்டுல அரிசி இருக்கறதாலதான் உங்க மொதலாளி இந்தக் கூலிக்கு ஆள் வெக்க முடியுது. அந்த இருபது கிலோவக் கடைல காசு குடுத்து வாங்கற நெலம வந்தா, எத்தன கேப்பாங்கன்னு பாருங்க. அரிசி அவங்களுக்கு, லாபம் உங்களுக்கு."

யோசிக்க வைக்கிற பேச்சு. 2011 ஜூனிலிருந்து இங்கே ரேஷன் அரிசிக்குக் காசில்லை, எங்கள் கூலி அட்டவணை அதைத் தெரிந்துகொண்டேதான் நகர்ந்திருக்கிறது. ஆனாலும் அவரோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. எங்கள் விடுதியில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்ப அட்டை ஊரில் இருக்கிறது. இங்கே உரிமைத் தொகையும் இல்லை, உறவும் இல்லை. தோழர் சொல்வதுபோல் என்றால் அவர்கள்தான் அதிகக் கூலி கேட்க வேண்டும். அதே கூலிக்குத் தினமும் ஒன்றரை நிற்கிறார்கள். முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை, அதனால் எங்கள் சூப்பர்வைசர்களுக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது. அரிசி கூலியைக் குறைத்து வைக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தையும் கொடுக்கிறது. இரண்டில் எது கனம் என்று கேட்டால், டைம் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. தோழர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் உண்டு, யாரும் பேசுவதில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லியிருந்தது. எங்களிடமும் இருக்கிறது. பையர் ஆடிட் வருகிற அன்று அந்த அறையிலிருந்து அட்டைப்பெட்டிகளை வெளியே தூக்கி, ஒரு தொட்டிலையும் பிளாஸ்டிக் யானையையும் உள்ளே வைப்போம். பிள்ளை பெற்ற டைலர்கள் திரும்பி வராததற்கு ரேஷன் கடையைக் குறை சொல்வது, அந்த அறையைத் திறந்து பார்ப்பதைவிடச் சுலபம்.

2025 ஆகஸ்டிலிருந்து புது ஆள் சேர்த்தால் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை தரும் மத்தியத் திட்டம் வந்திருக்கிறது. எங்கள் சம்பளத்துக்கு 2,000 வரும். ஓனர் உற்சாகமாகி, தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன யூனிட் போட்டார். ஐந்தரைக்கு மிஷின் நின்றுவிடும், ஒன்றரை ஷிப்ட் பேச்சே கிடையாது. அரிசியும் ஆயிரமும் வாங்குகிற, நூறு நாள் அட்டை வைத்திருக்கிற அதே பெண்கள்தான். ஒரு மிஷின்கூடக் காலியில்லை, வேலை கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

கூலி மட்டும் திருப்பூரைவிட நாற்பது ரூபாய் குறைவு. அது ஏன் என்று கேட்டேன். "வண்டிச் செலவு மிச்சம்தானுங்களே" என்றார் ஓனர். வேன் எங்களுடையது. டீசல் கணக்கும் என் பேரேட்டில்தான் இருந்தது, அவர்கள் யாரும் வண்டிக்குக் காசு கொடுத்ததில்லை.