பச்சையைப் பார்த்து மதிப்பெண் போடாதே

நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதியில் பால் பண்ணைகளுக்குப் போய் மாடுகளின் நலத்தை மதிப்பிடுவது என் வேலை. உடம்பு இளைத்திருக்கிறதா, நொண்டுகிறதா, மடிநோய் உண்டா என்பதற்கெல்லாம் அளவுகோல் இருக்கிறது. மாட்டின் மனநிலைதான் ஆளைத் திணறடிக்கும். விலங்குகளுக்கு உணர்வு உண்டு என்பதை 2015 திருத்தத்தில் இந்நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் அதையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

கையில் இருக்கும் முறைக்கு வேர், ஸ்காட்லாந்தில் பிரான்சுவாஸ் வெமெல்ஸ்ஃபெல்டர் செய்த ஆய்வுகள். 2009இல் வந்த ஐரோப்பிய 'வெல்ஃபேர் குவாலிட்டி' கையேடு கறவை மாட்டுக்கு 20 சொற்களைத் தருகிறது: அமைதி, எரிச்சல், சலிப்பு, விளையாட்டுத்தனம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிமீட்டர் கோடு. மந்தையை 20 நிமிடம் பார்த்துவிட்டு, அந்தக் குணம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு தூரத்தில் கோட்டில் குறி போட வேண்டும். வெறும் அபிப்பிராயம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நானும் சிரித்தவன்தான்.

ஆனால் அது பெரும்பாலும் கொட்டகை மாடுகளை மனதில் வைத்து எழுதியது. மேய்ச்சல் நிலத்தில் வயிறு நிறைந்த மாடுகள் படுத்து அசைபோடும். எந்தப் பண்ணைக்குப் போனாலும் 'அமைதி' நீளமாகவே விழும். போதாக்குறைக்குப் பச்சைப் புல் நம் கண்ணையும் மயக்கிவிடும். மழைச் சேற்றில் நிற்கும் அதே மாட்டுக்கு நாமே குறைத்துப் போடுவோம். நிம்மதியான மாடும் சுரத்தில்லாமல் ஒடுங்கிய மாடும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும். காதை நம்பலாமா என்றால், தடவிக் கொடுக்கும்போதும் காது தொங்கும், வலியிலும் தொங்கும். வாய் அசைகிறதா, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும்.

அதனால் இப்போதெல்லாம் மாலைக் கறவைக்கு மந்தை நடக்கும் பாதையில்தான் நிற்கிறேன். தன் போக்கில் நடக்கும் மாடு தலையைத் தாழ்த்தி, கல் பார்த்துக் கால் வைக்கும். பின்னால் மந்தையை ஓட்டும் குவாட் பைக் (நான்கு சக்கர மோட்டார் வண்டி) நெருங்கினால் வரிசை நெருக்கியடிக்கும், தலைகள் மேலே எழும், கண்ணின் வெள்ளை தெரியும். வரிசையின் வால் பகுதியில் சிக்குபவை பெரும்பாலும் நொண்டிகளும், மற்ற மாடுகளுக்கு அஞ்சுபவையும்தான். மந்தை மொத்தத்துக்கும் ஒரே குறி என்னும்போது இந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து மாடுகள் காணாமல் போகின்றன. இந்த முறையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். அவற்றைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதிவிடுவேன்.

ஒரு பண்ணைக்காரர் அறிக்கையைப் படித்துவிட்டு, "பயம் குறைந்தால் பால்திடம் எத்தனை கிலோ கூடும்?" என்று கேட்டார். பால்திடம் என்பது பாலில் உள்ள கொழுப்பும் புரதமும்; இங்கே பாலுக்குக் காசு அந்தக் கணக்கில்தான். என்னிடம் எண் இல்லை. தலை தூக்கி நடக்கும் மாடு கல்லை மிதித்துக் குளம்பைக் கெடுத்துக்கொள்ளும் என்றேன். வைத்தியச் செலவு அவருக்குத் தெரிந்த கணக்கு. பைக்கைத் தள்ளி ஓட்டச் சொல்லி ஆளுக்கு அங்கேயே போன் போட்டார். பயம் என்று எழுதியதைவிடக் குளம்பு என்று சொன்னது வேலை செய்தது. அடுத்த அறிக்கைகளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறேன்.