புல்மோட்டை மணலில் ஒரு எம்பில்

பௌதிகத்தில் பட்டம் முடித்துவிட்டுச் சக்தி சார்ந்த மெட்டீரியல்ஸ் பக்கம் மேற்படிப்புக்குப் போகலாமா என்று திருகோணமலைத் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். போகலாம். ஆனால் கற்கைநெறியின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள், அந்த ஆய்வுகூடத்தில் எந்தக் கருவி உண்மையில் வேலை செய்கிறது, உங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மேற்பார்வையாளருக்கு எழுதும்போது "புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஆர்வம்" என்று எழுதினால் பதில் வருவது சந்தேகம், அந்த ஆர்வம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. நான் ஊர் மணலைப் பற்றி எழுதினேன். புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சர்க்கோன் என்று கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு, இரும்பைக் கழற்றிவிட்டு எடுக்கும் டைட்டேனியம் டைஒட்சைட்டுதான் 1991 இல் ஓரீகனும் கிரெட்சலும் வெளியிட்ட சாயமேற்றிய சூரியக்கலத்தின், அதாவது ஒரு சாயம் ஒளியைப் பிடித்து மின்சாரம் தரும் கலத்தின் அடித்தளம். கப்பலேறும் மணலில் இருந்து அதை இங்கேயே எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். கண்டிப் பக்கம் ஒருவர் வரச்சொன்னார்.

பதிவு, முன்மொழிவு, கட்டணம் இவையெல்லாம் படிவ வேலை, பொறுமை இருந்தால் முடிந்துவிடும். ஆளைச் சோதிப்பது வேறு.

இல்மனைட்டை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, இரும்பை விலக்கி, மிச்சக் கரைசலைச் சூடாக்கி டைட்டேனியம் டைஒட்சைட்டை வீழ்படிவாக எடுத்தோம். வெள்ளையாக அழகாகத்தான் வந்தது. அப்புறம் எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிரால் பளிங்கு வகையைக் கண்டுபிடிக்கும் கருவி) வரிசை, அந்தக் கருவி எங்கள் கட்டடத்தில் இல்லை. டைட்டேனியம் டைஒட்சைட்டுக்கு அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு முக்கிய பளிங்கு வடிவங்கள், எக்ஸ்ஆர்டி படத்தில் ஒவ்வொன்றின் உச்சியும் ஒவ்வொரு கோணத்தில் வரும். ஒருவழியாகப் படம் வந்தபோது அனடேஸுக்கு உரிய 25.3 பாகைக் கோணத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, 27.4 இல் ரூட்டைல் தலைதூக்கி நிற்கிறது. 600 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கினால் அனடேஸ் ரூட்டைலாக மாறும் என்று படித்திருந்தேன், ஆனால் எங்கள் மாதிரி இன்னும் உலைக்கே போகவில்லை! பௌதிகக்காரனின் மூளை வெப்பநிலையையே சுற்றிச்சுற்றி வந்தது. கூடத்தில் இருந்த ஒரு இரசாயன அக்காதான் "தம்பி, அமிலத்தைப் பார்" என்றார். கடுமையான குளோரைட்டுக் கரைசலில் குறைந்த சூட்டிலேயே ரூட்டைல் வந்துவிடும், சல்பேற்று இருந்தால் அனடேஸ் பக்கம் சாயும். சாயக்கலத்தில் இலத்திரன் அனடேஸில்தான் வேகமாக ஓடும் என்பதால் நாங்கள் சல்பூரிக் அமிலப் பாதைக்கு மாறினோம். ஆகவே பௌதிகம் படித்தவர்கள் அசேதன இரசாயனத்தைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொண்டு போங்கள், சத்தியமாகச் சொல்கிறேன்.

ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டி பஸ்ஸில் போய்வருவதற்கும் ஒரு யோசனை: மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கொண்டுபோங்கள், கருவிக்குப் பொறுப்பானவரோடு முதல்நாளே கதைத்து வையுங்கள்.

வீட்டில் "இதைப் படித்தால் சம்பூர் சோலாரில் வேலை தருவார்களா" என்றுதான் கேட்பார்கள். அங்கே நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு இப்போது சூரிய மின்திட்டம் வருகிறதுதான், ஆனால் அந்த வேலைக்கு மின்பொறியியல் போதும். வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) கிட்டத்தட்ட அதே கேள்வி: சிலிக்கன் பனல் வெயிலில் 20 வீதத்துக்கு மேல் மின்சாரமாக மாற்றித் தரும்போது இந்தச் சாயக்கலம் எதற்கு? அறைக்குள் மங்கல் வெளிச்சத்தில் சாயக்கலம் நன்றாகவே வேலை செய்யும், சின்ன உணரிகளுக்கு அது போதும் என்று சொன்னேன். அவர்கள் அதோடு விடவில்லை, கலத்துக்குள் இருக்கும், மின்னேற்றத்தைக் கடத்தும் திரவ மின்பகுபொருள் கசிந்தால் என்ன செய்வாய் என்று அடுத்த அரை மணி நேரம் போட்டு வாட்டினார்கள். போகிறவர்கள் அதற்கும் ஒரு பதிலோடு போங்கள்.