பங்காளிச் சண்டையும் பதினொன்றுக்கு ஒன்று கணக்கும்

ஸ்காட்லாந்துக் கால்பந்தைப் பின்தொடர்பவர்களுக்குத் திங்கட்கிழமை எப்படி விடியும் என்று தெரியும். கொடுக்காத பெனால்டி, கொடுத்திருக்கக் கூடாத சிவப்பு அட்டை, அந்த நடுவர் சின்ன வயதில் எந்த அணிக்குக் கொடி பிடித்தார் என்ற துப்பறிதல். புதன்கிழமை வரை இதே பேச்சு. நடுவரைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஆட்டம் எத்தனை மணிக்கு, எதிரணி ரசிகருக்கு எத்தனை இருக்கை, யார் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது, தொலைக்காட்சிப் பணத்தை எப்படிப் பிரிப்பது, இதில் ஒன்றையும் விசில் வைத்திருப்பவர் முடிவு செய்வதில்லை. ஓட்டு வைத்திருப்பவர்கள் செய்கிறார்கள்.

முதலில் முகவரியைச் சரியாக எழுதிக்கொள்வோம். பாதிக் கோபம் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம், அதாவது எஸ்.எஃப்.ஏ., 1873-இல் தொடங்கியது. அலுவலகம் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில். நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கை, கிளப் உரிமம், ஸ்காட்டிஷ் கோப்பை, தேசிய அணி எல்லாம் அதன் பொறுப்பு. லீக் ஆட்டங்கள், லீக் கோப்பை, அட்டவணை, ஒளிபரப்பு ஒப்பந்தம், விளம்பரதாரர், பரிசுப் பணம் ஆகியவை எஸ்.பி.எஃப்.எல்., அதாவது ஸ்காட்டிஷ் புரொஃபெஷனல் ஃபுட்பால் லீக் கையில். இது 2013-இல் முதல் பிரிவை நடத்திய பழைய எஸ்.பி.எல்.லையும் கீழ்ப்பிரிவுகளை நடத்திய எஸ்.எஃப்.எல்.லையும் இணைத்து உருவானது. வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்: நடத்துவது சங்கம், காசு கொடுப்பது கிளப்புகள்.

எஸ்.பி.எஃப்.எல். என்றதும் ஏதோ மேலிடம் என்று நினைக்கிறோம். அது ஒரு தனியார் கம்பெனி. முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் 12, அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் பத்துப் பத்து என்று மொத்தம் 42 கிளப்புகள்தான் அதன் பங்குதாரர்கள். 'லீக் ஏன் இப்படிச் செய்தது' என்று ஒரு கிளப் தலைவர் அறிக்கை விட்டால், அந்த லீகில் அவரும் ஒரு பங்கு வைத்திருக்கிறார் என்பதை நினைவில் கொண்டு வாசிக்க வேண்டும்.

பழைய எஸ்.பி.எல். காலத்தில் பெரிய மாற்றம் எதுவானாலும் 12-இல் 11 ஓட்டு வேண்டும். இரண்டு கிளப்புகள் கை கோத்தால் மற்ற பத்தும் வேடிக்கைதான் பார்க்கலாம். எந்த இரண்டு என்று சொல்லவே வேண்டாம். 2002-இல் லீகே சொந்தமாக ஒரு டிவி அலைவரிசை தொடங்கும் திட்டம் வந்தது. கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் சேர்ந்து அதை நிறுத்தின. கொதித்துப்போன மற்ற பத்துக் கிளப்புகளும் லீகிலிருந்து விலகுவதாக நோட்டீஸே கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றன. இந்த ஜோடிக்கு 'ஓல்டு ஃபர்ம்' என்று பெயர், அதாவது பழைய கூட்டு வியாபாரம். தமிழில் பங்காளி என்றால் கச்சிதமாக இருக்கும். வாசலில் வெட்டு குத்து, சொத்து என்று வந்தால் ஒரே பக்கம். 1985-இல் அபர்தீன் வென்ற பிறகு 2025 வரை நாற்பது பருவங்கள் பட்டம் இந்த இரண்டு வீட்டைத் தாண்டிப் போகவில்லை. 1986 மே 3 அன்று ஹார்ட்ஸ் கடைசி ஆட்டத்தில் டண்டீயிடம் 2-0 என்று தோற்றுப் பட்டத்தைக் கோட்டைவிட்டதை எடின்பரோவில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

இந்த விதியைப் பற்றி எல்லாரும் மறக்கும் ஒரு விஷயம் உண்டு. 2013 ஏப்ரலில் லீகை 12-12-18 என்று மூன்று பிரிவாக மாற்றி அமைக்கும் யோசனை ஓட்டுக்கு வந்தபோது ரேஞ்சர்ஸ் முதல் பிரிவிலேயே இல்லை (ஏன் என்பது கீழே வரும்). செல்டிக் ஆதரித்தது. தடுத்தவை ராஸ் கவுண்டியும் செயின்ட் மிரனும். பத்துக்கு இரண்டு என்று யோசனை விழுந்தது. பெரியவருக்காகச் செய்த பூட்டு சின்னவர் கையிலும் பூட்டும்.

ஓட்டுக் கணக்கின் முழு விளையாட்டையும் ஒரே இடத்தில் பார்க்க 2020 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 13 அன்று கொரோனாவால் ஆட்டங்கள் நின்றன. பரிசுப் பணம் இறுதி இடத்தைப் பொறுத்தது; பருவம் முடியாமல் இறுதி இடம் இல்லை. கேட் வசூலை நம்பி வாழும் சின்னக் கிளப்புகளுக்குச் சம்பளம் போடக் காசில்லை. கடனாகவோ முன்பணமாகவோ கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நிர்வாகம் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் முடிச்சுப் போட்டது: பருவத்தை முடியுங்கள், ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியில் இடங்களைத் தீர்மானிப்போம், பணமும் வரும். பசித்தவனிடம் இலை போட்டுவிட்டுக் கையெழுத்து கேட்ட கதை.

தேவைப்பட்ட ஓட்டு: பிரீமியர்ஷிப்பில் 12-இல் 9, இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் 10-இல் 8, கீழே இரண்டு பிரிவுகளும் சேர்த்து 20-இல் 15. சட்டப்படி 28 நாள் அவகாசம் உண்டு. நிர்வாகம் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பதில் கேட்டது. அன்று இரவு சாம்பியன்ஷிப்பில் கணக்கு 7-க்கு 2. பாக்கி ஒரே கிளப், டண்டீ. 5 மணிக்குச் சற்று முன் டண்டீ 'வேண்டாம்' என்று அனுப்பிய மின்னஞ்சல் லீகின் ஸ்பேம் வடிகட்டியில் மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் அந்த ஓட்டை எண்ண வேண்டாம் என்று டண்டீ சொல்லிவிட்டது. ஏப்ரல் 15 அன்று 'சரி' என்று மாற்றிப் போட்டது. இது எப்படி முடியும் என்றால், எழுத்துமூலத் தீர்மானத்தில் 'சரி' என்று போட்டால் போட்டதுதான். 'வேண்டாம்' என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே லீகின் சட்ட நிலைப்பாடு. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு. இந்த வாக்கியத்தை அன்று புரிந்துகொண்ட ரசிகர்கள் எத்தனை பேர்?

விளைவு: நான்கு புள்ளி பின்தங்கியிருந்த ஹார்ட்ஸ் இறக்கப்பட்டது. இரண்டு புள்ளி பின்னால், ஒரு ஆட்டம் கையிருப்பில் வைத்திருந்த பார்ட்டிக் திசில் இறக்கப்பட்டது. மூன்றாம் பிரிவான லீக் ஒன்றிலிருந்து ஸ்ட்ரான்ரார் கீழே போனது. லீகுக்கு வெளியிலிருந்து மேலே வரக் காத்திருந்த கெல்டி ஹார்ட்ஸுக்கும் ப்ரோரா ரேஞ்சர்ஸுக்கும் ப்ளே-ஆஃப் ஆடவே வாய்ப்பில்லை. நாலாவது பிரிவில் கடைசி இடத்தில் இருந்த ப்ரீக்கின் தப்பித்தது. செல்டிக் மே 18 அன்று சாம்பியன். சுயேச்சை விசாரணை கேட்டு ரேஞ்சர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்துக்கு மே 12 அன்று 13 ஓட்டு ஆதரவு, 27 எதிர்ப்பு. ஹார்ட்ஸும் திசிலும் நீதிமன்றம் போக, அங்கிருந்து சங்கத்தின் தகராறு தீர்க்கும் குழுவுக்கே அனுப்பப்பட்டு, ஜூலையில் தோற்றன. சராசரிக் கணக்கு அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்; ஐரோப்பாவில் வேறு லீகுகளும் செய்தன. பணத்தையும் இறக்கத்தையும் ஒரே காகிதத்தில் வைத்ததுதான் கோளாறு.

2012-ஐத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது, ஆனால் அதிகம் தங்கவும் வேண்டாம். ரேஞ்சர்ஸை நடத்திய கம்பெனி பிப்ரவரி 14 அன்று திவால் நிர்வாகத்துக்குள் போனது. ஜூனில் வரித்துறை கடன் சமரசத்தை மறுத்தது. சொத்துகள் 55 லட்சம் பவுண்டுக்குப் புதுக் கம்பெனிக்குக் கைமாறின. ஜூலை 4 அன்று எஸ்.பி.எல். கிளப்புகள் கதவை மூடின. ஜூலை 13 அன்று எஸ்.எஃப்.எல். கிளப்புகள் 30-இல் 25 ஓட்டில் நாலாவது தட்டில் இடம் கொடுத்தன. ரேஞ்சர்ஸ் மேலே இல்லாவிட்டால் ஆட்டமே மெல்லச் சாகும் என்று சங்கத் தலைமை பயமுறுத்திய நேரம் அது. சாகவில்லை. மற்றக் கிளப்புகளின் ரசிகர்கள் 'சீசன் டிக்கெட் எடுக்கமாட்டோம்' என்று சொன்னதே தலைவர்களின் ஓட்டைத் திருப்பியது. ரசிகர் கையில் உண்மையான பிடி இருந்த அபூர்வமான சில வாரங்கள் அவை. பழைய கிளப்பா புதுக் கிளப்பா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அது முடிய வேண்டும் என்று அதில் இருப்பவர்களே விரும்பவில்லை.

அந்த நேரத்தில் பத்திரிகைகள் எங்கே போயின? 1998-இல் ரேஞ்சர்ஸ் உரிமையாளரைப் பற்றி வந்த ஒரு கட்டுரை விருந்தில் பரிமாறிய சாறு வழியும் ஆட்டுக்கறியையும் சேர்த்துப் புகழ்ந்தது. அன்றிலிருந்து ஜால்ராக் கட்டுரைக்கு 'ஆட்டுக்கறி இதழியல்' என்றே அங்கே பெயர். காரணம் சோம்பல் மட்டுமில்லை. பேட்டிக்கு அனுமதி, பத்திரிகையாளர் சந்திப்பில் நாற்காலி, மைதானத்துக்குள் போகும் அட்டை எல்லாம் கிளப்பின் கையில். பகைத்துக்கொண்டால் மறுநாள் செய்தியில்லை. வாசகர்களில் பெரும்பகுதி இரண்டு கிளப்புகளின் ரசிகர்கள் என்பதால் மற்ற பத்துக்கும் மிச்சம் மீதி இடம். ரேஞ்சர்ஸின் வரி விவகாரத்தைப் பெயர் சொல்லாமல் தோண்டி எழுதிய ஒரு வலைப்பதிவருக்கு 2012-இல் அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசு கிடைத்தது. தினசரிகளுக்கு அதைவிடப் பெரிய குட்டு வேண்டியதில்லை.

அட்டவணைக் குறை ஒவ்வொரு ஏப்ரலிலும் தவறாமல் வரும். 12 அணிகள் மும்முறை மோதினால் 33 ஆட்டம், நான்கு முறை என்றால் 44. 33 போதாது, 44 தாங்காது. அதனால் 2000-01 முதல் 33-க்குப் பிறகு லீகை மேல் ஆறு, கீழ் ஆறு என்று வெட்டி, ஒவ்வொரு அணிக்கும் இன்னும் ஐந்து ஆட்டம், மொத்தம் 38. எந்த ஆறு மேலே வரும் என்று முதலிலேயே ஊகித்துத்தான் 33-க்கான வீட்டு, வெளியூர் ஆட்டங்களைப் பிரிக்கிறார்கள். ஊகம் தப்பினால் ஒரு அணிக்கு வீட்டில் 18, இன்னொன்றுக்கு 20. ஒரே மைதானத்துக்கு மூன்று முறை போக வேண்டிய கொடுமையும் உண்டு. ஏழாவது அணி ஆறாவதைவிட அதிகப் புள்ளியோடு முடித்தாலும் ஏழாவதுதான். இதில் சதி எதுவும் கிடையாது, வெறும் வகுத்தல். மாற்ற வேண்டுமானால் லீகின் அளவை மாற்ற வேண்டும். அளவைக் கூட்டினால், பங்காளிகள் பருவத்துக்கு நான்கு முறை மோதுவது குறையும். குறைந்தால் டிவிக்காரர் காசைக் குறைப்பார்.

வி.ஏ.ஆர். 2022 அக்டோபரில் வந்தது. சாதாரண ஆட்டங்களில் ஆறு கேமராவை வைத்துக்கொண்டு, இருபதுக்கும் மேல் கேமரா வைத்திருக்கும் இங்கிலாந்தின் துல்லியத்தை எதிர்பார்க்கிறோம். நொடிக்கு 50 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். பந்து காலைவிட்டுக் கிளம்பிய சட்டகம் எது என்பதில் ஒன்று தவறினால் அந்த ஆஃப்சைடு கோடு அழகான கற்பனை. கோல்கோட்டுத் தொழில்நுட்பமும் இல்லாமல்தான் தொடங்கினார்கள். நடுவர்கள் வாரநாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். வி.ஏ.ஆருக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்தது யார்? அதே 42 ஓட்டு.

எதிரணி இருக்கை விவகாரமும் இப்படித்தான். ஓல்டு ஃபர்ம் ஆட்டத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேல் இருந்த வெளியூர் ரசிகர் பங்கை 2018-இல் ரேஞ்சர்ஸ் எண்ணூறு அளவுக்குக் குறைத்தது, செல்டிக் பதிலுக்குக் குறைத்தது, 2023-24-இல் பூஜ்யம். பிறகு பேசி, சுமார் 2,500-க்கு வந்தார்கள். பழி வாங்கியது கிளப், விலை கொடுத்தது ரசிகர். 2018 லீக் கோப்பை அரையிறுதிகள் இரண்டையும் ஒரே ஞாயிறு ஹாம்ப்டனில் வைத்தபோது, அபர்தீனிலிருந்து முதல் ரயில் வந்து சேர்வதற்குள் அவர்கள் ஆட்டம் தொடங்கிவிடும் என்ற நிலை. கூச்சல் போட்ட பிறகே ஒன்றை எடின்பரோவின் மரிஃபீல்டு மைதானத்துக்கு மாற்றினார்கள்.

இங்கிலாந்தில் 2025-இல் வந்த சுயேச்சை ஒழுங்குமுறை அதிகாரி எல்லை தாண்டி வரமாட்டார். அந்தச் சட்டம் இங்கிலாந்து லீகுகளுக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் இருப்பது வேறு வழி. எஸ்.பி.எஃப்.எல். விதிப்புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது, கம்பெனிக் கணக்குகளைக் கம்பெனிகள் பதிவகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு தீர்மானம் வருகிறது என்றால் எந்தப் பிரிவில் எத்தனை ஓட்டு வேண்டும் என்று பார்த்து, கடைசி ஓட்டு எந்தக் கிளப்பிடம் சிக்கும் என்று கணக்குப் போடுங்கள். உங்கள் கிளப் எப்படி ஓட்டுப் போடப்போகிறது என்று ஓட்டுக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டால் அறிக்கைதான் கிடைக்கும். ஒரு பங்கு கையில் இருந்தால் ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். ஹார்ட்ஸ், மதர்வெல், செயின்ட் மிரன் கிளப்புகளில் பெரும்பான்மைப் பங்கே ரசிகர் அமைப்புகளிடம். மதர்வெல்லில் 2024-இல் வெளி முதலீட்டாளர் ஒருவர் வந்தபோது உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள், அவர் திரும்பிப் போனார்.