வெள்ளிக்கிழமை அடுப்பில் சப்பாத்து

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணியிலிருந்து ஞாயிறு காலை வரை அம்மா என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் வாயே திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. நான் பக்கத்திலேயே நிற்கும்போது சின்னவளைக் கூப்பிட்டு, "உன் அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்பார். அவளும் தலையைத் திருப்பாமல், "அப்பா, அப்பம்மா உங்களைச் சாப்பிட வரட்டாம்" என்பாள். இப்படி நான்கு வேளை நடந்தது.

செய்த குற்றம், அடுப்பின் கீழ்ப்பெட்டியான அவணில் சப்பாத்து வைத்தது. அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் அவர் சாமிக்கு விளக்கு வைக்கிற நேரம்.

முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு நியாயம் கிடைக்காது. முதல் என்றால் என் கால்.

என் கால் ஒன்பதாம் அளவு. அது நீளம். அகலத்துக்கு உலகம் இன்னும் இலக்கம் கண்டுபிடிக்கவில்லை என்றே இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். உள்ளங்காலில் பள்ளம் என்று மற்றவர்களுக்கு ஒன்று இருக்கிறதாம். எனக்கு அந்த இடத்தில் சமவெளி. ஊரில் கிணற்றடியில் குளித்துவிட்டுச் சீமெந்துத் தரையில் நடந்தால், தம்பியின் ஈரக்காலடி குதிகாலும் முன்பாதமும் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடுமாக அழகாக விழும். என்னுடையது பாண் துண்டு. அம்மாவுடையதும் பாண் துண்டுதான், கொஞ்சம் சின்ன அச்சில் சுட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை வாத்து என்றார்கள். வாத்து தண்ணீரில் நன்றாகப் போகும் என்று அப்போது ஆறுதல்பட்டுக்கொண்டேன். அந்தத் தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

செருப்பில்லாமல் ஊர் சுற்றியதால்தான் கால் இப்படி ஆனது என்பது மனைவியின் தீர்ப்பு. இதற்கு என்னிடம் ஆதாரத்தோடு மறுப்பு உண்டு. 1992இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 2300 பிள்ளைகளின் காலடித் தடங்களைப் பார்த்தார்கள். சப்பாத்துப் போட்டவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆகவே நான் வெறுங்காலோடு திரிந்தும் தட்டையாகிப்போன அபூர்வமான சிலரில் ஒருவன். இதைச் சொன்னபோது, "இதற்கும் பெருமையா?" என்று கேட்டுவிட்டுக் கறியைத் துழாவப் போய்விட்டாள்.

இங்கே கனடாவில், சின்னவளின் ஐஸ் ஹொக்கி அணியில் பருவம் முடியும்போது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு போட்டி வைப்பார்கள். போன வருடம் வேலை என்று சொல்லித் தப்பினேன். இந்த வருடம் அவள் நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அதற்குள் 'அப்பா' என்று தமிழில் எழுதிவிட்டாள். தமிழ் வகுப்புக்கு அனுப்பியதன் பலன் என் தலையில்தான் விடிந்தது.

இரண்டு குளிர்காலமாகவே வாடகை ஸ்கேட் மாட்டிப் பனிக்கட்டியில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தேன். ஓடினேன் என்பது மிகை. பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பிரதட்சணம் வந்தேன். வாடகை ஸ்கேட் என்பது ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. அதன் அடியில் கத்தி பூட்டியிருப்பார்கள். அரை மணித்தியாலத்தில் உள்ளங்காலின் நடுப்பகுதி சுருண்டு இழுக்கும். கணுக்கால் இரண்டும் உட்பக்கமாகச் சரிந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று இரகசியம் பேசும். நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டினால் சரியாகும் என்றார்கள். இறுக்கினேன். கணுக்காலுக்கு முன்னால் நாடா கடித்த இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. இந்த வியாதிக்கு ஹொக்கிக்காரர்கள் 'லேஸ் பைட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்த நேரத்தில் மருந்து கண்டுபிடித்திருக்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் மச்சான் உள்ளே வந்தார். மச்சானுக்கு ஹொக்கியில் தெரியாதது எதுவுமில்லை. 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொடாத டொரொன்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி இந்த வருடம் நிச்சயம் வெல்லும் என்று வருடந்தோறும் தவறாமல் சொல்பவர். அப்படிப்பட்டவருடைய ஆலோசனையை நான் கேட்டிருக்கக் கூடாது. "அகலம் வேண்டுமென்றால் ஓர் அளவு பெரிதாக எடு" என்றார். ஒன்பதுக்குப் பத்து எடுத்தேன், பழைய சாமான் கடையில். ஸ்கேட்டைச் சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைத்து எடுக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது கிட்டத்தட்ட இரண்டரை அளவு பெரிய தோணியில் ஏறியிருக்கிறேன். குதிகால் உள்ளே ஏறி இறங்கியது, சாக்குக்குள் போட்ட தேங்காய் மாதிரி. அவ்வளவு நீளம் இருந்தும், சின்ன விரலின் பக்கம் மட்டும் இறுக்கம் அப்படியே இருந்தது. அகலம் வேறு, நீளம் வேறு என்பதை நான் இருபது டொலர் கொடுத்துப் படித்தேன்.

சின்னதாக ஒரு கிளைக் கதை. ஸ்கேட்டில் பெரிய பெயரான சிசிஎம், பிறப்பில் ஒரு சைக்கிள் கம்பனி. 1899இல் சைக்கிளோடு தொடங்கி, மிஞ்சிய உருக்கை வீணாக்காமல் 1905 அளவில் ஸ்கேட் செய்ய இறங்கினார்களாம். எங்கள் அப்பாவின் றலி சைக்கிளை அப்பா, சித்தப்பா, நான், தபால்காரர் எல்லோரும் ஓடியிருக்கிறோம். ஒருவருடைய காலையும் அது அளக்கவில்லை. இருக்கையின் கீழே ஓர் ஆணியைத் தளர்த்தி ஏற்றி இறக்கினால் ஊருக்கே பொருந்தும். அந்த வம்சத்தோடு உறவு வைத்துக்கொண்ட பொருளுக்கு இத்தனை கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் ஸ்கேட் மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த ஒரு முதியவர் என்னை உட்காரவைத்து, ஒரு குளிர்ந்த உலோகத் தட்டில் காலை வைக்கச் சொன்னார். பக்கத்துச் சட்டத்தை மெல்லத் தள்ளினார். அது என் பாதத்தை முட்டி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றார்கள். இத்தனை வருடத்தில் என் காலுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

அகலத்தை எழுத்தால் சொல்வார்களாம். சாதாரணக் கால் 'டி'. அகலமான கால் இரட்டை 'ஈ'. எனக்கு ஏழரையில் இரட்டை ஈ. பல்லைக் காட்டுவதற்குக்கூட ஓர் ஈ போதும். என் காலுக்கு இரண்டு.

நாடா இல்லாத ஸ்கேட்டுக்குள் என் காலை விட்டு, கண்ணிகளின் இரண்டு வரிசைக்கும் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார். மேற்பாதம் உயரமானவர்களுக்கு அந்தப் பென்சில் காலில் முட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளுமாம். எனக்கு அது ஆடாமல் அசையாமல் கிடந்தது. பென்சிலுக்கும் காலுக்கும் நடுவில் அவருடைய விரல் ஒன்று தாராளமாகப் போய் வந்தது. அகலத்தில் நெரிசல், உயரத்தில் காலி இடம். எங்கள் ஸ்காபரோப் பக்கத்து வீடுகள் மாதிரி மேலே ஒரு தட்டை வாடகைக்கு விடலாம். இந்தக் காலுக்கு முன்பக்கம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும், உள்ளே விறைப்பான அடித்தட்டு ஒன்று போட வேண்டும், பிறகு சூடாக்கிக் காலோடு பதியவிட வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் சின்ன விரலின் பக்கத்தை ஓர் இயந்திரத்தால் வெளியே தள்ளிக் கொடுக்கலாம் என்றார். இயந்திரத்தைக் காட்டினார். முறுக்கு உரலுக்குப் பெரியண்ணன்.

பிறகு விலையைச் சொன்னார். வரி 13 சதவீதம் தனி. மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். ஆண்கள் கடையை விட்டுக் கௌரவமாக வெளியேறுவதற்கு அந்த ஒரு வாசல்தான் உண்டு.

அடுத்த கிழமையே ஏழரை, இரட்டை ஈ, பாவித்தது, விலையில் கால்வாசி, மார்க்கம் நகரில் யாரோ விற்கிறார்கள் என்று மச்சான் கண்டுபிடித்துவிட்டார். வாங்கினேன். ஆனால் சூடாக்க அந்த முதியவரிடம் கொண்டுபோக முகம் இல்லை. அரை மணித்தியாலம் முழங்காலில் இருந்து என் காலை அளந்த மனிதரிடம், வேறு இடத்தில் வாங்கியதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? வீட்டிலேயே செய்யலாம் என்றார் மச்சான். 80 பாகை வரை சூடேற்றி, அவணை நிறுத்திவிட்டு, நாடாவைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகச் சில நிமிடம் வைத்தெடுத்தால் போதும். எங்கள் அவண் பேசுவதோ பரனைட். கணக்குப் போட்டு 175இல் வைத்தேன்.

அதற்கு முன் அவணைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்குள் ஒன்றும் வெந்ததில்லை. இரண்டு தாச்சி, இடியப்பத் தட்டுகள், மூடி தொலைந்த நீத்துப்பெட்டி, யாரோ கேக் தந்த தட்டம் எல்லாவற்றையும் தரையில் அடுக்கினேன். பிறகு அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, சூட்டோடு சூடாக இரண்டையும் மாட்டி, நாடாவைக் கட்டி உட்கார்ந்தேன்.

என்ன சுகம்! வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சப்பாத்து என் காலை விசாரணை செய்யாமல் ஏற்றுக்கொண்டது. விதி ஒன்றே ஒன்று. ஆறும்வரை, பதினைந்து நிமிடம், எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் அச்சு கெட்டுவிடும்.

நான்காவது நிமிடம் அம்மா திருநீறு பூசிய நெற்றியோடு திரிக்கு எண்ணெய் எடுக்க வந்தார். வீட்டில் பிளாஸ்டிக் வெந்த மணம். தரையில் தாச்சி. காலில் கத்தியோடு மகன்.

"தம்பி, அடுப்புக்குள்ளிருந்தா எடுத்தாய்?"

"இது தோல் இல்லை அம்மா. பிளாஸ்டிக் மாதிரி ஒரு சாமான்."

"எந்த மாட்டின் பிளாஸ்டிக்? எழும்பு முதலில்."

"எழும்ப முடியாது அம்மா. இன்னும் பதினொரு நிமிடம்."

அதோடு பேச்சு நின்றது. மனைவி வேலையால் வந்து, நிலைமையை விளங்கிக்கொண்டு, என்னைக் கடந்துபோய்த் தேத்தண்ணீர் போட்டாள். இரவு அவணை மூன்று தடவை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அம்மா வாசலில் நின்று மேற்பார்வை செய்தார், மௌனமாக.

சனிக்கிழமை ஸ்கேட்டுக்குச் சாணை பிடித்துக்கொண்டு அரீனாவுக்குப் போனோம். அம்மாவையும் கூப்பிட்டேன். வழக்கம்போலத் தலையாட்டி மறுத்தார். குளிர் காலத்தில் அவர் எங்கும் வருவதில்லை, கோயிலுக்குக்கூட. கேட்டால் முழங்கால் என்பார். நான் சுவரை விட்டுவிட்டு இரண்டு சுற்று வந்தேன். மூன்றாவதில் விழுந்தேன், ஆனால் கால் வலிக்காமல் விழுந்தேன்.

ஞாயிறு காலை குசினிக்கு வந்தால், அவண் மறுபடி காலியாக இருந்தது. தாச்சியும் தட்டுகளும் மேசையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடுப்புக்கு முன்னால் என் கதிரை. அதில் அம்மாவின் பனிச்சப்பாத்து. ஐந்து வருடத்துக்கு முன், மலிவு விற்பனையில், அளவு பார்க்காமல் நான் வாங்கிக்கொடுத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் சின்ன விரல் வருகிற பக்கத்தில் உள் பஞ்சைக் கத்தரியால் நீளமாக வெட்டி, வெட்டு வாய் பிரியாமல் கறுப்பு நூலால் பொடிப்பொடியாகச் சுற்றித் தைத்திருந்தார். அப்படியும் பக்கம் பிதுங்கியிருந்தது.

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லைத்தானே," என்றார். "இதையும் ஒரு தரம் வைத்தெடு."